அலமாரியிலிருந்து வெளியே வந்த சூரியன்

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் தொடங்கப்பட்டது. 1904 முதல் நூறாண்டுக்கும் மேலாக, வானம் தெளிந்த நாளெல்லாம் அங்கே சூரியனைப் படம்பிடித்தார்கள். முதலில் கண்ணாடித் தகட்டில், பிறகு ஃபிலிமில். சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்ததும் இங்கேதான்.

சூரியனின் செயல்பாடு ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். பல சுற்றுகளை ஒப்பிட்டு அந்தப் போக்கை அறிய ஓர் ஆய்வாளரின் பணிக்காலம் போதாது. செயற்கைக்கோள்களோ பிற்பாடு வந்தவை. அதனால் பழைய தகடுகளுக்கு உலக அளவில் மதிப்பு உண்டு. ஆனால் அவை நெடுங்காலம் அலமாரியிலேயே இருந்து, நேரில் வந்தவர்களுக்கே பயன்பட்டன. கண்ணாடி உடைந்தால் அந்த நாளின் சூரியன் போனதுதான்.

பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம் இந்தத் தகடுகளை 4096க்கு 4096 படப்புள்ளிகள் கொண்ட கேமராவால் பதிவுசெய்து, ஆய்வாளர்களுக்கு இணையத்தில் திறந்துவிட்டது. படம் மட்டும் இருந்தால் பயனில்லை. எடுத்த நாள், நேரம், சூரியனின் வடக்கு எந்தப் பக்கம் என்ற குறிப்புகளும் சேர்ந்தால்தான் அது சான்று. கருவி வாங்குவது எளிது. குறிப்பைப் படத்தோடு இணைப்பதே பெரும்பாடு.

இப்படிப் பதிந்து காக்க வேண்டியவை தகடுகள் மட்டுமல்ல. அதே மலையின் தெற்குச் சரிவில், கும்பக்கரைக்கும் கொடைக்கானலுக்கும் நடுவே வெள்ளகவி என்ற ஊர் இருக்கிறது. தலைமுறைகளாக மக்கள் ஒற்றையடிப் பாதையில் நடந்தே ஏறி இறங்கிய ஊர். ஊருக்குள் செருப்பு அணிவதில்லை. இத்தகைய மலையூர்களில் ஓடை, மரம், மூலிகை பற்றிய அறிவு பெரியவர்களின் நினைவில்தான் வாழ்கிறது. இந்த அறிவைப் பதிந்துவைக்க, 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பன்மைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்களைக் கலந்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். படிவத்தை நிரப்பிக் கட்டிவைத்தால் அதுவும் அலமாரிக்குள் முடங்கும்.

சொன்னவர் யார், எப்போது, எந்த இடத்தில், உள்ளூரில் அதற்கு என்ன பெயர் என்பதைச் சொன்னவர் குரலிலேயே பதிய இன்று ஒரு கைப்பேசி போதும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சூரியன் எல்லோருக்கும் பொது. மூலிகை அறிவு அந்த ஊராருடையது. எதை வெளியிடலாம், எதை ஊரோடு வைத்துக்கொள்ளலாம் என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும்.

பதிவேடு தயாரிக்கும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: கேட்டுப் பதிந்ததை ஊராருக்கு வாசித்துக் காட்டுங்கள், பிழை திருத்துங்கள், ஒரு பிரதியை ஊரிலேயே வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்.