ஒரு லட்சம் புத்தகங்களின் பராமரிப்புக் கணக்கு

1929இல் புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குள் கிடைத்த 1,130 கல்வெட்டுகளின் மூலபாடத்தை நூலாக வெளியிட்டது. சமஸ்தானத்தின் பரப்பு சுமார் 1,180 சதுர மைல். சதுர மைலுக்கு ஏறக்குறைய ஒரு கல்வெட்டு! அச்சுச் செலவு கஜானாவுடையது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தபின் அந்தக் கஜானாவும் இல்லை.

அதன் பிறகு இந்த ஊரின் பெரிய பண்பாட்டுச் செலவு ஒன்று குடும்ப பட்ஜெட்டில் ஏறியது. திருக்கோகர்ணத்தில் உள்ள ஞானாலயா நூலகம் பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் தங்கள் சம்பளத்தில் வாங்கிச் சேர்த்தது. ஒரு லட்சத்துக்கு மேல் புத்தகங்கள். 50 ஆண்டு உழைப்பு என்று வைத்தால் நாளொன்றுக்கு ஐந்துக்கு மேல் வருகிறது. எந்த நல்கைக் குழுவும் இந்த வேகத்தில் முடிவெடுத்ததில்லை.

வாங்குவதோடு செலவு முடிகிறதா? ஒரு லட்சம் புத்தகம் உள்ள ஏதோ ஒரு நூலகத்துக்கு உத்தேசக் கணக்கு போட்டுப் பார்ப்போம். தொகைகள் என் அனுமானம். பெருக்கல் மட்டும் யாரும் சரிபார்க்கலாம். புத்தகத்துக்கு 2 செ.மீ. தடிமன் என்றால் அடுக்கின் நீளம் 2 கிலோமீட்டர். மாதம் 15,000 ரூபாயில் இரண்டு பணியாளர்கள்: ஆண்டுக்கு 3.6 லட்சம். மின்சாரம், தூசி துடைப்பு, கரையான் மருந்து: 60,000. அடுத்தது பைண்டிங். பழைய பதிப்பின் தாள் ஓரத்தை மடக்கினால் அப்பளம் போல ஒடியும். பிரித்து, கிழிசலுக்கு மெல்லிய தாள் ஒட்டி, மறுபடி தைத்து, காலிகோ போட வேண்டும். புத்தகத்துக்கு 150 ரூபாய் என்று ஆண்டுக்கு ஆயிரம் புத்தகம் எடுத்தால் 1.5 லட்சம். அந்த வேகத்தில் எல்லாவற்றையும் ஒரு சுற்று முடிக்க 100 ஆண்டு.

மொத்தம் 5.7 லட்சம். 7 சதவீத வட்டியில் இது வர 81 லட்சம் வைப்பு நிதி வேண்டும். விலைவாசியையும் நினைத்தால் ஒரு கோடி.

"ஸ்கேன் செய்துவிடலாமே" என்பவர்களுக்கு: சராசரி 200 பக்கம் என்றால் 2 கோடிப் பக்கம். ஒருவர் நாளுக்கு 2,000 பக்கம் எடுத்தாலும் 10,000 வேலைநாள், அதாவது 33 ஆண்டு.

பணம் இல்லாமல் இல்லை. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறோம். அது அரசு நூலகங்களின் ஆணைக்குழுவுக்குப் போகும், தனியார் சேகரிப்புக்கு வராது. 2022-23 மாநில பட்ஜெட் மாவட்டப் புத்தகக் காட்சிகளுக்கும் இலக்கியத் திருவிழாக்களுக்கும் 5.6 கோடி ஒதுக்கியது. 38 மாவட்டங்களுக்குப் பிரித்தால் தலா 15 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. திருவிழா வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், பஜ்ஜிக் கடை உட்பட எனக்குப் பிடித்தமானதுதான். ஆனால் பந்தலைப் பிரித்ததும் அந்த 5.6 கோடியின் கணக்கு முடிந்துவிடும். அதையே ஒரு முறை வைப்பில் போட்டால் இப்படி ஐந்து நூலகங்கள் தலைமுறைக்கும் ஓடும்.

வெளிநாட்டு நன்கொடை வாங்கலாம் என்றால், அதற்கான விதிகளின் 2020 திருத்தத்தின்படி பதிவு கேட்கும் அமைப்புக்கு மூன்று ஆண்டு வயதாகியிருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டில் 15 லட்சமாவது தன் பணிக்குச் செலவழித்திருக்க வேண்டும். கணக்கு டெல்லியில் ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் தொடங்க வேண்டும். நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20ஆக இறங்கிவிட்டது. அலுவலக வாடகையும் மின் கட்டணமும் கணக்கெழுதுபவர் சம்பளமும் அந்த 20க்குள் அடங்கியாக வேண்டும்.

பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்களை, அவர் மறைந்தபின், 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. கப்பலேற்றாமல் சென்னையிலேயே வைத்து நூலகமாக்கினார்கள். அது நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். புதுக்கோட்டையிலிருந்து கோட்டையூர் ஒரு மணி நேரச் சொச்சப் பயணம்தான். இங்கேயும் சிகாகோ வரட்டும் என்று காத்திருப்பதா?