இலத்தியைப் பார்த்து மருந்து கொடுங்கள்

ராசிங்காபுரத்திலிருந்து மேற்கே பார்த்தால் மலைதான். ரோடு ஏறாத ஊர்களுக்கும் தோட்டங்களுக்கும் போடிப் பக்கத்தில் இன்றும் குதிரையும் கோவேறு கழுதையும் பொதி சுமக்கின்றன. தேர்தல் சமயத்தில் வாக்குப்பதிவு இயந்திரமும் அவற்றின் முதுகில்தான் மலையேறுகிறது. அந்தக் குதிரை விலா தெரிய மெலிந்து, மயிர் மங்கினால் வேலைப்பளு என்று நினைத்துத் தீவனத்தைக் கூட்டுகிறோம். பல நேரம் காரணம் குடற்புழு.

புழுவின் முட்டை இலத்தியோடு விழும். ஈரமும் கதகதப்பும் கிடைத்தால் ஓரிரு வாரத்தில் இளம்புழு வெளிவந்து, பனி படிந்த புல்லில் ஏறி நிற்கும். மேய்ச்சலோடு உள்ளே போய்விடும். ஏலத்தோட்டத்து ஈர நிழல் அதற்குத் தோதான இடம். அடிவாரத்துச் சித்திரை வெயிலில் இலத்தியை உடைத்துப் பரப்பி, குதிரையைச் சில வாரம் அங்கே மேயவிடாமல் இருந்தால் பெரும்பாலான இளம்புழு காய்ந்து செத்துவிடும். மலையில் அது நடக்காது. வாரம் இரண்டு முறை அள்ளித்தான் ஆகவேண்டும்.

பெரிய ஸ்ட்ராங்கைல் என்ற வகைதான் மிகக் கொடியது. அதன் இளம்புழு குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிக்குள்ளேயே வளரும். அங்கே ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், வலியில் தரையில் புரண்டு புரண்டே குதிரை இறந்துபோகலாம்.

இதற்குப் பயந்துதான் 1966-இல் அமெரிக்காவின் கென்டக்கியில், எட்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லாக் குதிரைக்கும் மருந்து என்ற முறையைச் சொன்னார்கள். பெரிய புழு குறைந்தது. ஆனால் சிறிய ஸ்ட்ராங்கைல் மருந்துக்குப் பழகிவிட்டது. ஜப்பானிய மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து வந்து, 2015-இல் நோபல் பரிசு வாங்கித் தந்த ஐவர்மெக்டினுக்கே குட்டிகளின் நாக்குப்பூச்சி பல நாடுகளில் சாவதில்லை.

குத்துமதிப்பாகக் கொடுக்கும் குறைந்த அளவும் புழுவைப் பழக்கிவிடுகிறது. சரியான அளவுக்குக் குதிரையின் எடை தெரிய வேண்டும்; அதற்கு டேப் ஒன்று போதும். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்தொடை முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும், அளவெல்லாம் சென்டிமீட்டரில். சுற்றளவு 140, நீளம் 120 என்றால் மட்டக்குதிரை ஏறத்தாழ 200 கிலோ. கண்ணால் பார்த்து 150 என்று நினைத்தால் மருந்தில் கால் பங்கு குறைந்துவிடும்.

ஒரு மந்தையில் விழும் முட்டைகளில் பெரும்பகுதி சில குதிரைகளிடமிருந்தே வருகிறது. யார் அந்தச் சிலர் என்பதை இலத்திப் பரிசோதனை காட்டிவிடும். கைப்பிடி புது இலத்தியைக் காற்றுப் புகாத பையில் கட்டி, வெயில் படாமல் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மருந்து கொடுத்த 14-ஆம் நாள் இன்னொரு கைப்பிடி. எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் மருந்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.