நீதிமன்றச் சாலையில் ஒரு மாலை நடை

நீதிமன்றம் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது சம்மன், வாய்தா, வக்கீல் கட்டணம் ஆகிய மூன்றுமே. பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்து, தாராவியிலும் செம்பூரிலும் முப்பது ஆண்டுகளைக் கழித்த குடும்பங்களில்கூட, சர்ச்கேட் நிலையத்திலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய உயர் நீதிமன்றத்தை நின்று நிதானமாகப் பார்த்தவர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள். வழக்கு ஏதுமின்றி அங்கே போய்வர ஒரு வழி உண்டு. வழிகாட்டி ஒருவருடன் அப்பகுதியின் வரலாற்றைக் கேட்டபடி நடக்கும் மாலை நடைகளைப் பல அமைப்புகள் நடத்துகின்றன. பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை சேர்ந்து பாருங்கள்.

ஓவல் மைதானத்தின் மேற்கு ஓரத்தில் நில்லுங்கள். எதிரே வலமிருந்து இடமாக முதலில் பழைய தலைமைச் செயலகம். அதில்தான் இன்று நகர உரிமையியல், அமர்வு நீதிமன்றம் இயங்குகிறது. அடுத்து பல்கலைக்கழகமும் ராஜாபாய் கடிகாரக் கோபுரமும். அதற்கடுத்து உயர் நீதிமன்றம். இவை எழுந்த காலத்தில் எதிரே அரபிக்கடல் இருந்தது. இப்போது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடி வீடுகள், கடலைத் தூர்த்த பின் 1930-களில் எழுந்தவை. இரு வரிசைகளையும் சேர்த்து 2018-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

உயர் நீதிமன்றக் கட்டடத்தைக் கர்னல் ஃபுல்லர் என்ற பொறியாளர் வடிவமைத்தார். 1871-இல் தொடங்கிய வேலை 1878-இல் முடிந்தது. நீளம் 562 அடி. செலவு ரூ.16,44,528. அனுமதித்த தொகையைவிட ரூ.2,668 குறைவு! அரசு வேலை மதிப்பீட்டுக்குள் முடிந்தது என்பதை இன்றைய ஒப்பந்ததாரர்கள் நம்புவது கடினம். அந்தி வெளிச்சத்தில் உச்சியை உற்று நோக்கினால் இரண்டு சிலைகள் தெரியும். ஒன்று நீதி, மற்றொன்று இரக்கம். வேதத்தை வாசிக்கும் நமக்கு இவ்விரண்டும் சேர்ந்து நிற்பது புதிதன்று.

வழிகாட்டிகள் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. கட்டடத்துக்குள் ஒரு தூணின் தலைப்பில், ஒரு கண்ணை மட்டும் கட்டிக்கொண்டு தராசு பிடித்திருக்கும் குரங்கு செதுக்கப்பட்டிருக்கிறது. வேறோரிடத்தில் வழக்கறிஞரின் கழுத்துப்பட்டை அணிந்த நரி. வழக்கில் தோற்ற ஒப்பந்ததாரர் ஒருவர் ஆத்திரத்தில் செய்வித்தது என்பது செவிவழிச் செய்தி. அநீதியுள்ள நியாயாதிபதியிடம் விடாமல் போய் முறையிட்ட விதவையின் உவமையை அறிந்த நம் பிள்ளைகள் இக்கதையை வெகுவாய் இரசிப்பார்கள்.

1908-ஆம் ஆண்டு ஜூலையில் பால கங்காதர திலகர்மீது இங்கே இராஜத்துரோக வழக்கு நடந்தது. அவர் தாமே 21 மணி நேரத்துக்கு மேல் வாதாடினார். ஒன்பது ஜூரிகளில் எழுவர் குற்றவாளி என்றனர், இருவர் மறுத்தனர். ஜூலை 22 அன்று, இரவு வெகுநேரமான பின், நீதிபதி தாவர் ஆறாண்டு நாடு கடத்தல் தண்டனை விதித்தார். இதே தாவர் 1897-இல் வழக்கறிஞராகத் திலகருக்கு ஜாமீன் கேட்டு வாதாடியவர்! தீர்ப்பின்போது திலகர் பேசிய சொற்கள் 1956-இல் அந்த அறையின் வெளியே சலவைக்கல்லில் பதிக்கப்பட்டன. தண்டனை விதித்த இடமே தண்டிக்கப்பட்டவரின் சொல்லைச் சுமந்து நிற்கிறது.

இலண்டனிலிருந்து திரும்பிய இளம் வழக்கறிஞர் காந்தி, கிர்காமிலிருந்து 45 நிமிடம் நடந்தே இந்த உயர் நீதிமன்றத்துக்கு வந்து, வாதங்கள் விளங்காமல் தூங்கிவழிந்ததாகத் தம் சுயசரிதையில் எழுதுகிறார். 1923-இல் அம்பேத்கர் இங்கேதான் வழக்கறிஞராகப் பதிவு செய்தார்.

அடுத்து வரும் செய்தியை வழிகாட்டி சொல்லாமல் போகலாம். அப்படியானால் உங்கள் பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லுங்கள். 1981 ஜூலையில், நடைபாதைவாசிகளை வெளியேற்றி அவரவர் சொந்த ஊருக்கு அனுப்பப்போவதாக மகாராஷ்டிர அரசு அறிவித்தது. இந்த உயர் நீதிமன்றத்தில் மனு தாக்கலாகி, இடைக்காலத் தடையும் கிடைத்தது. பின்னர் ஆகஸ்டு 4 அன்று, நடைபாதையில் குடிசை போட அடிப்படை உரிமை இல்லை என்று மனுதாரர் தரப்பு ஒப்புக்கொள்ள, அக்டோபர் 15 வரை மட்டும் அவகாசம் கிடைத்தது. ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் சென்றன. அங்கே மனுதாரர்களுள் ஒரு தமிழரும் இருந்தார். சேலத்தில் நிலமற்ற கூலியாக இருந்து, வறட்சியால் வேலையிழந்து, 1961-இல் மும்பை வந்தவர். தகிசரில் தினக்கூலி வேலை. விலே பார்லேயில் நெடுஞ்சாலையோர நடைபாதையில் குடிசை. 1981 ஜூலை 23 அன்று குடிசையை இடித்து, குடும்பத்தோடு அவரைச் சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். மனைவியையும் பெண்மக்களையும் ஊரில் விட்டுவிட்டு, அவர் மறுபடியும் மும்பைக்கே வந்து நடைபாதையில் குடியேறினார். இங்கே வேலை இருந்தது, அங்கே இல்லை என்பதுதான் காரணம்.

1985 ஜூலை 10 அன்று தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. பிழைப்புக்கான உரிமை, அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது. எனினும் நடைபாதையை மீட்க மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டு என்றும் சொன்னது. மழைக்காலம் கழிந்து அக்டோபர் 31 வரை அகற்றக் கூடாது. 1976 கணக்கெடுப்பில் அட்டை பெற்றவர்களுக்கு மாற்றிடம் தர வேண்டும். சொல் அளவில் பெரிய வெற்றி; குடிசை அளவில் சில மாதத் தவணை. ஆயினும் அதன்பின் இந்த நாட்டில் வெளியேற்றத்தை எதிர்த்து வழக்காடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கையில் எடுப்பது அந்தத் தீர்ப்பைத்தான். சேலத்துக் கூலித் தொழிலாளி ஒருவரின் பெயர் அதில் இருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோர் இலவச வழக்கறிஞரைக் கேட்டுப் பெறலாம். அவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. வீட்டுவேலை செய்யும் நம் சகோதரிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நடை பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கும். வீட்டுப் பெரியவர்களுக்குப் பிள்ளைகளே தமிழில் சொல்லட்டும். மாலையில் நீதிமன்றத்தை வெளியிலிருந்துதான் பார்க்க இயலும். பிடித்திருந்தால் ஒரு வேலைநாளில் அடையாள அட்டையுடன் மீண்டும் செல்லுங்கள். வழக்குகள் பொதுவாகத் திறந்த நீதிமன்றத்தில்தான் நடைபெறுகின்றன. வாயிலில் அனுமதி கேட்டு, கைபேசியை அணைத்துவிட்டு, பின்வரிசையில் அரை மணி நேரம் அமர்ந்து கவனித்துவிட்டு வாருங்கள்.