உப்பைக் கூட்டிய கை எது?
எப்படி இயங்குகிறது: ஹார்ட்வேர் பிரேக்பாயிண்ட்

கல்யாணச் சமையல்கூடம். சாம்பார் அண்டாவில் யாரோ இரண்டாவது தடவை உப்பைப் போட்டுவிடுகிறார்கள். சமையல் குறிப்பில் அப்படி ஒரு வரியே இல்லை. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி பழக்கம்தான்: மெமரியில் ஒரு மதிப்பு மாறிக் கிடக்கும், மாற்றிய வரி எதுவென்று தெரியாது.

சாதாரண பிரேக்பாயிண்ட், குறிப்பில் ஒரு வரியை அடித்துவிட்டு “நில்” என்று எழுதும் வேலை. எந்த வரி என்று முன்பே தெரிந்தால்தான் அடிக்க முடியும். நமக்குத் தெரிந்ததோ அண்டா மட்டும். காவலை அங்கேதான் போட வேண்டும்.

நான்கு காவலர்கள்

1985 இல் வந்த இன்டெல் 80386 முதல் இந்தக் காவல் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. டிஆர்0 முதல் டிஆர்3 வரை நான்கு ரெஜிஸ்டர்கள்; ஆளுக்கு ஒரு முகவரி. டிஆர்7 உத்தரவுச் சீட்டு: போட்டால் மட்டும் மணி அடி, எடுத்தாலும் அடி, அங்குள்ள கட்டளையை இயக்கப் போனால் அடி. டிஆர்6 எந்தக் காவலர் மணி அடித்தார் என்று காட்டும் பலகை. புரோகிராம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்.

மணி அடித்ததும்

உப்பு விழுந்த பிறகே மணி அடிக்கும். அதனால் புரோகிராம் நிற்பது குற்றம் செய்த கட்டளையில் அல்ல, அதற்கு அடுத்ததில். கட்டளைக்கே காவல் போட்டிருந்தால், அது இயங்கும் முன்பே அடிக்கும்.

சிப் 1-ஆம் எண் எக்ஸெப்ஷனை எழுப்பி, மாஸ்டரான கர்னலை அழைக்கிறது. லினக்ஸ் கர்னல் உடனே பலகையைப் படித்துத் துடைக்கும். சிப் தானாகத் துடைக்காது. விசாரணை முடியும்வரை கர்னல் காவலையும் நிறுத்திவைக்கும். மாஸ்டரே அந்த அண்டாவைத் தொட்டுவிட்டால் விசாரணைக்குள் இன்னொரு மணி அடித்துவிடும் அல்லவா? பிறகு, காவல் கேட்டது ஜிடிபி போன்ற டீபக்கர் என்றால், புரோகிராமுக்கு சிக்ட்ராப் சிக்னல் போகும்.

பங்கீடுதான் பெரிய வேலை

காவலர்கள் நால்வர், புரோசஸ்களோ நூற்றுக்கணக்கில். அதே கூடத்தில் அடுத்த கல்யாணச் சமையல் தொடங்கினால் அங்கேயும் ஒரு “3-ஆம் அண்டா” இருக்கும். உள்ளே இருப்பது பாயசம். வர்சுவல் முகவரியும் இப்படித்தான்: எண் ஒன்று, மெமரி வேறு. ஆகவே புரோசஸ் மாறும்போதெல்லாம் கர்னல் காவலையும் மாற்றி வைக்கிறது. ஒவ்வொரு கோருக்கும் தனித்தனி நால்வர் என்பதால், கர்னலின் சொந்த மாறியைக் கவனிக்க எல்லாக் கோரிலும் காவல் போட வேண்டும். 2010 இல் வந்த லினக்ஸ் 2.6.33 முதல் இந்தக் கணக்கை கர்னலின் பெர்ஃப் பகுதி பார்க்கிறது. நால்வரும் வேலையில் இருந்தால் ஐந்தாவது கோரிக்கைக்கு “இடமில்லை” என்ற பதில்தான் வரும். காவல் போட்டதாக நம்பவைத்து ஏமாற்றுவதைவிட இது எவ்வளவோ மேல்.

2018 காட்டிய ஓட்டை

ஸ்டாக் செக்மெண்டை மாற்றும் கட்டளையில் மணி அடிக்க வேண்டி வந்தால், அடுத்த கட்டளை முடியும்வரை சிப் அதைத் தள்ளிவைக்கும். அந்த அடுத்த கட்டளை கர்னலுக்குள் நுழைவதாக இருந்தால், கர்னல் தயாராகும் முன்பே மணி அடித்துவிடும். விண்டோஸ், மேக்ஓஎஸ், லினக்ஸ் மூன்றுமே 2018 இல் இதற்குத் திருத்தம் வெளியிட்டன.

மதிப்பு மர்மமாக மாறினால், பிரின்ட் வரிகளைத் தூவும் முன் ஜிடிபியில் ‘வாட்ச்’ என்று மாறியின் பெயரோடு கொடுங்கள். பழைய மதிப்பு, புதிய மதிப்பு, மாறிய இடம் மூன்றையும் அது காட்டிவிடும்.