கான்டெஸாவுக்கு முதல்ல பிரேக்குங்க!

நம்ம நாட்டு ‘மஸில் கார்’ எதுன்னு கேட்டா, பலரும் கான்டெஸான்னுதான் சொல்லுவாங்க. இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டரை ஒட்டி 1984-ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டுவந்த வண்டி. நீள பானட், பார்க்கப் பயில்வான். உள்ளே? அம்பாஸடரின் 1489 சிசி இன்ஜின், சுமார் 50 குதிரைத்திறன்! பிற்பாடு 1.8 லிட்டர் இசுஸூ இன்ஜின் வந்த பிறகுதான் அது 88 ஆச்சு.

அதனால வீட்டு ஷெட்டில் ஒரு பழைய கான்டெஸா நின்னா, கை நேரா இன்ஜினுக்குத்தான் போகும். அங்கதான் தப்பு. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60-க்குப் பதிலா 80-ல் போய் நிறுத்தினா, பிரேக் தாங்க வேண்டிய சூடு 1.78 மடங்கு.

பிரேக் ஃப்ளூயிட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சூடானா அந்த ஈரம் ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். அதனால மாஸ்டர் சிலிண்டர் சீல், ஹோஸ் எல்லாம் மாத்தி, புது ஃப்ளூயிட் ஊத்தி ஏர் எடுங்க. ஒருத்தர் பெடலை மிதிக்க, ஒருத்தர் நிப்பிளைத் திறந்து மூட. ட்ரம்மில் கோடு விழுந்திருந்தா கடைஞ்சுக்கலாம். கோயமுத்தூர்ல லேத்துப் பட்டறைக்கா பஞ்சம்? ஆனா அனுமதிச்ச விட்டத்தைத் தாண்டிட்டா அந்த ட்ரம்மைத் தூக்கிப் போட்டுருங்க.

பெட்ரோல் ஹோஸையும் மாத்தணும். 20 சதவீத எத்தனால் பழைய ரப்பரை அரிச்சிடும். சூடான சைலன்சர் மேல சொட்டினா கதை முடிஞ்சுது.

வேற இன்ஜின் ஆசை இருந்தா, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைப் படிச்சிட்டு, ஆர்டிஓ அனுமதி வாங்கிட்டு ஸ்பானரை எடுங்க.

செலவு கம்மியான வேலை ஒண்ணு இருக்கு: ஹெட்லைட்டுக்கு ரிலே. பேட்டரி கரண்ட் பழைய சுவிட்சைச் சுத்தாம பல்புக்குப் போகும், வோல்டேஜ் இழப்பு குறையும். மாட்டிட்டு ராத்திரி பாலக்காடு ரோட்டுல ஓட்டிப் பாருங்க, அதே பல்புதான்!