இருவர் வாசிக்க நால்வர் இசை!

மேடையில் நிற்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் தோளில் கிதார். மற்றவர் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் ரசிகர்களின் காதில் விழுவதோ பேஸ் கிதார், பக்க கிதார், தனி கிதார், டிரம்ஸ் என்று நான்கு பேர் வாசிக்கும் இசை!

மீதி இரண்டு பேர் எங்கே? திரைக்குப் பின்னால் யாரும் ஒளிந்திருக்கவில்லை. வீட்டில் பதிவு செய்து கொண்டுவந்த இசையும் ஓடவில்லை. கிதார்காரரின் காலடியில் கிடக்கும் ஒரு சிறு பெட்டிதான் அந்த இரண்டு பேரின் வேலையையும் செய்கிறது. அதன் பெயர் 'லூப் பெடல்'.

இருவர் குழு ஏன் வந்தது? முதல் காரணம் காசுக் கணக்கு. ஒரு ஓட்டலிலோ கல்லூரி விழாவிலோ வாசிக்கப் பத்தாயிரம் ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக் கொள்வோம். நால்வர் குழுவானால் ஆளுக்கு 2,500 ரூபாய். இருவரானால் 5,000 ரூபாய். ஊர் விட்டு ஊர் போக ரயில் டிக்கெட் நான்கு எடுக்க வேண்டாம், இரண்டு போதும். ஒத்திகைக்கு நான்கு பேருக்கும் ஒரே நாளில் ஓய்வு கிடைக்க வேண்டும் என்ற தொல்லையும் இல்லை.

ஆனால் இரண்டு பேரால் நான்கு பேரின் இசையைத் தர முடியுமா? முடியும். அதற்கு ஒரு விலையும் உண்டு.

பெட்டி என்ன செய்கிறது?

லூப் பெடலின் வேலை மிக எளிது. காலால் ஒரு தடவை மிதித்தால், வாசிப்பதைப் பதிவு செய்யத் தொடங்கும். இரண்டாம் தடவை மிதித்தால் பதிவை முடித்து, அந்தக் கணமே முதலிலிருந்து திருப்பி ஒலிக்கும். நிறுத்தும்வரை அதே பகுதி சுற்றிச் சுற்றி வரும். மறுபடி மிதித்தால், ஓடிக்கொண்டிருக்கும் பகுதியின் மேலேயே அடுத்த வாசிப்பு ஏறி அமர்ந்துகொள்ளும்.

கிதார்காரர் முதலில் நான்கு வரிசை பேஸ் வாசிக்கிறார், மிதிக்கிறார். பேஸ் ஓடுகிறது. அதன் மேல் பக்க கிதாரைச் சேர்க்கிறார், மிதிக்கிறார். இப்போது இரண்டும் ஓடுகின்றன. கை காலியாகிவிட்டது. இனி அவர் தனி கிதார் வாசிக்கலாம், பாடவும் செய்யலாம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல், எதிரொலி தரும் பெடல் என்று பல பெட்டிகளைக் கலைஞர்கள் வரிசையாக வைத்திருப்பார்கள். லூப் பெடலை அந்த வரிசையின் கடைசியில் வைக்க வேண்டும். அப்போதுதான் பேஸ் பேஸாகவும், கிதார் கிதாராகவும் அதனதன் குரலோடு பதிவாகும். முன்னால் வைத்துவிட்டால் எல்லாப் பகுதிகளும் ஒன்றாகக் கரகரப்புப் பெடலுக்குள் போய்க் கூழாகிவிடும்.

கிதாரே பேஸ் ஆகிறது

பேஸ் கிதார் கையில் இல்லாதவர் என்ன செய்வது? சாதாரண கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்குச் சுமார் 82 தடவை அதிர்கிறது. பேஸ் கிதாரின் அதே பெயருள்ள தந்தி அதில் சரிபாதி, சுமார் 41 தடவை அதிர்கிறது. அதாவது ஒரு ஸ்தாயி கீழே. இந்தப் பாதியாக்கும் வேலையைச் செய்ய 'ஆக்டேவ் பெடல்' என்ற தனிப் பெட்டி இருக்கிறது. அதை இயக்கிக் கிதாரை வாசித்தால் பேஸ் போலக் கேட்கும். அதைச் சுழலவிட்டு, ஆக்டேவ் பெடலை அணைத்துவிட்டால் கிதார் மறுபடி கிதாராகிவிடும்.

இதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து 'ஒயிட் ஸ்டிரைப்ஸ்' இருவர் குழு 2003-ல் வெளியிட்ட 'செவன் நேஷன் ஆர்மி' பாட்டின் தொடக்க இசை, பின்னாளில் கால்பந்து மைதானங்களில் ஆயிரக்கணக்கானோர் கூடி முழங்கும் இசையாயிற்று. கேட்பவர்கள் அதை பேஸ் கிதார் என்றே நினைப்பார்கள். ஆனால் ஜாக் ஒயிட் வாசித்தது சாதாரண கிதார்தான்! பெடல் அதை ஒரு ஸ்தாயி கீழே இறக்கியது. அந்தக் குழுவில் பேஸ் வாசிப்பவரே கிடையாது. 2011-ல் குழு கலைந்தது.

பிரிட்டனின் 'ராயல் பிளட்' குழு இதற்கு நேர் எதிர். அதில் மைக் கெர் வாசிப்பது பேஸ் கிதார். பெடல்களால் அதன் ஒலியை மேலே ஏற்றிக் கிதாராகவும் கேட்க வைக்கிறார். 2014-ல் வந்த அவர்களின் முதல் ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

இந்த இரண்டு குழுக்களும் ஒலியை மாற்றிச் சமாளித்தவர்கள். லூப் பெடலையே முதுகெலும்பாக வைத்து வளர்ந்த குழு வேறு. அதுதான் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து 'எல் டென் இலெவன்'.

ஒரு கிதாருக்கு இரண்டு கழுத்து

2002-ல் தொடங்கிய இந்தக் குழுவில் கிறிஸ்டியன் டன், டிம் ஃபோகார்டி என்ற இருவர். லாக்ஹீட் நிறுவனத்தின் எல்-1011 விமானத்தின் பெயரைத் தங்களுக்கு வைத்துக் கொண்டார்கள். ஃபோகார்டி டிரம்ஸ். டன் கையில் இருப்பது இரட்டைக் கழுத்து வாத்தியம். ஒரு கழுத்து பேஸ், மற்றொன்று கிதார்! ஒரு கழுத்தில் வாசித்ததைச் சுழலவிட்டு, அடுத்த கழுத்துக்குக் கை தாவுகிறது. பெரும்பாலும் பாட்டுக் கிடையாது, வாத்திய இசைதான். 2007-ல் வந்த 'ஹெல்வெட்டிகா' என்ற ஆவணப்படத்தில் இவர்கள் இசை இடம்பெற்றது.

நாடாவில் பிறந்த கலை

இந்தக் கலை கம்ப்யூட்டர் காலத்தில் பிறந்ததல்ல. அமெரிக்காவில் லெஸ் பால், மேரி ஃபோர்டு என்ற தம்பதி இருந்தார்கள். அவர்களும் இருவர் குழுதான். ஒரே கிதாரைப் பல அடுக்குகளாகவும், மேரியின் ஒரே குரலைப் பல குரல்களாகவும் பதிவு செய்து 1951-ல் 'ஹவ் ஹை த மூன்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார்கள். அது ஒன்பது வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது. அந்த ஒலியை மேடையிலும் கொண்டுவர, கிதாரிலிருந்தே ஒலிநாடா இயந்திரத்தை இயக்கும் கருவி ஒன்றையும் லெஸ் பால் செய்துகொண்டார்.

1963-ல் டெர்ரி ரைலி பாரிஸ் நகரில் இரண்டு ஒலிநாடா இயந்திரங்களை இணைத்தார். ஒன்றில் பதிவாகும் நாடா அடுத்த இயந்திரத்துக்குள் ஓடி, சற்று நேரம் கழித்து ஒலித்தது. பிரிட்டனின் ராபர்ட் ஃபிரிப், பிரையன் ஈனோ இருவரும் இதே முறையில் வாசித்து 1973-ல் இசைத்தட்டு வெளியிட்டார்கள்.

இரண்டு பெரிய இயந்திரங்கள் செய்த வேலையைக் காலடிப் பெட்டி ஒன்று செய்யும் காலம் பின்னர் வந்தது. ஜப்பானின் பாஸ் நிறுவனம் 2001-ல் கொண்டுவந்த ஆர்.சி-20 பெட்டி ஐந்து நிமிடத்துக்கு மேல் நினைவில் வைத்துக் கொண்டது. 2004-ல் பி.பி.சி. தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் நாஸ் என்ற அமெரிக்கப் பாடகர் வர முடியாமற் போக, ஒருநாள் அவகாசத்தில் ஸ்காட்லாந்துப் பெண் கே.டி. டன்ஸ்டல் அழைக்கப்பட்டார். கிதாரைத் தட்டித் தாளம், குரலால் பின்பாட்டு என்று எல்லாவற்றையும் பெடலில் அடுக்கி, தனி ஒருவராகப் பாடினார். ஒரே இரவில் நாடறிந்தவர் ஆனார்!

பெட்டிக்குக் காது இல்லை

இனி விலை என்ன என்று பார்ப்போம். லூப் பெடலுக்கு நினைவு உண்டு. காது கிடையாது. தான் ஒலிப்பது மட்டுமே அதற்குத் தெரியும். பக்கத்தில் டிரம்ஸ் என்ன வாசிக்கிறது என்று அதற்குத் தெரியாது.

ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 120 அடி வேகம் என்றால் ஓர் அடிக்கு அரை விநாடி. நான்கு வரிசைக்கு 16 அடி. அதாவது 8 விநாடி. நம் கணக்கில் ஆதி தாளம் இரண்டு ஆவர்த்தனம். கால் மிதிப்பது சரியாகச் சமத்தில் விழ வேண்டும். பத்தில் ஒரு பங்கு விநாடி தாமதித்தாலும் சுழற்சி 8.1 விநாடி ஆகிவிடும். டிரம்ஸ்காரர் தம் வேகத்திலேயே போனால் ஐந்து சுற்றில், அதாவது 40 விநாடியில், இருவருக்கும் இடையே ஒரு முழு அடி வித்தியாசம்! பாட்டு அம்போ!

தாமதமாகப் புறப்பட்ட ரயில் வழியில் வேகம் பிடித்து நேரத்தைச் சரிக்கட்டிவிடலாம். சுழலுக்கு அந்த வாய்ப்பே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அதே நொண்டல். அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்வதே வழி.

பதிவு சரியாக அமைந்த பிறகும் பாரம் முழுவதும் டிரம்ஸ்காரர் தலையில்தான். நால்வர் குழுவில் பேஸ்காரரும் டிரம்ஸ்காரரும் ஒருவரையொருவர் கேட்டு வாசிப்பார்கள். ஒருவர் சற்று ஓடினால் மற்றவர் இழுத்துப் பிடிப்பார். இங்கே பெட்டி யாருக்காகவும் காத்திருக்காது. ஆகவே டிரம்ஸ்காரர்தான் அதைக் கேட்டுப் போக வேண்டும். அவர் காதருகே ஒலிபெருக்கியோ, காதில் ஹெட்போனோ அவசியம். சுழல் அவருக்குக் கேட்காவிட்டால் கச்சேரியே நடக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல்லவியில் ஓடும் சுழலை இசை மாறும் சரணத்துக்குப் பயன்படுத்த முடியாது. சிலர் சரணம் வரும்போது சுழலை நிறுத்திவிட்டு, கிதாரும் டிரம்ஸும் மட்டும் வாசிப்பார்கள். சிலர் இரண்டு மூன்று சுழல்களைத் தனித்தனியே வைத்துக்கொள்ளும் பெரிய பெட்டி வாங்குவார்கள். சிலர் முதலிலிருந்து கடைசிவரை ஒரே சுற்றில் அடங்கும்படி பாட்டையே அமைத்துவிடுகிறார்கள். பெட்டியின் குறை பாட்டின் உருவத்தையே மாற்றிவிடுகிறது!

சந்தேகமும் சாட்சியும்

"எல்லாம் முன்பே பதிவு செய்ததுதானே?" என்ற சந்தேகம் ரசிகர்களுக்கு எழுவது இயல்பு. 2017-ல் பிரிட்டனின் கிளாஸ்டன்பரி விழாவில் எட் ஷீரன் தனி ஒருவராகப் பெடலுடன் பாடியபோது, தொலைக்காட்சியில் பார்த்த பலர் அப்படித்தான் குற்றம் சாட்டினார்கள். அது லூப் பெடல் என்று அவரே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

இதனால்தான் நல்ல கலைஞர்கள் சுழல் கட்டும் வேலையை ஒளிக்காமல் மேடையில் காட்டுகிறார்கள். ஒவ்வொரு பகுதியும் கண்ணெதிரே ஏறுவதைப் பார்க்கும் ரசிகனுக்கு அதுவே ஒரு சுவை.

போனவர் யார்?

இந்தக் கதை தமிழர்களுக்குப் புதிதல்ல. நாதஸ்வரக் குழுவில் ஒத்து ஊதுபவர் என்று ஒருவர் இருந்தார். ராகம் வாசிக்க மாட்டார். ஒரே சுருதியை மூச்சு விடாமல் பிடித்துக் கொண்டிருப்பார். சுருதிப் பெட்டி வந்தது. பல குழுக்களில் ஒத்து ஊதுபவர் இடம் காலியாயிற்று. பின்னர் பெங்களூர் ராடெல் போன்ற நிறுவனங்களின் மின்னணுத் தம்புரா வந்தது. பாடகருக்குப் பின்னால் தம்புரா மீட்டியவர் இடமும் சுருங்கியது.

சுருதி குறையவில்லை. ஆனால் வித்துவான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே கற்றுக்கொள்ள இளைஞனுக்கு இருந்த ஓர் இடம் போயிற்று. பேஸ் கிதாரின் கதியும் அதுதான். முதல் தடவை மேடை ஏறும் எத்தனையோ இளைஞர்களுக்கு நான்காவது ஆளின் இடமே வாசல். அந்த வாசலைப் பெட்டி அடைத்துக் கொள்கிறது.

அதற்காகப் பெட்டியைத் தள்ளிவிட முடியாது. ஆள் கிடைக்காத ஊரில், காசு போதாத குழுவுக்கு, அது இல்லாவிட்டால் மேடையே இல்லை. வாங்கப் போகும் இளைஞர்களுக்கு அனுபவசாலிகள் சொல்லும் யோசனை ஒன்றே: முதலில் பெடல் இல்லாமல், கையால் தாளம் போட்டு, இருவரும் பத்து நிமிடம் வேகம் மாறாமல் வாசித்துப் பழகுங்கள். அது வந்த பிறகு கடைக்குப் போங்கள். வராவிட்டால் உங்களுக்கு வேண்டியது பெடல் அல்ல, இன்னும் கொஞ்சம் ஒத்திகை.