அருவியும் ஓதமும்

நுழையும்முன்

மலையில் பிறக்கும் ஓடை சமவெளியில் ஆறாகப் பெருகிக் கடலில் கலப்பது இயல்பு. சில இடங்களிலோ ஓடையானது ஆறாக மாறுவதற்கு முன்பே பாறைமுகட்டிலிருந்து நேரே கடற்கரையில் விழுந்துவிடுகிறது. அத்தகைய அருவியைக் காணக் குடும்பத்தோடு நடந்து செல்வோர் பாதையை மட்டும் அறிந்திருந்தால் போதாது. கடலின் நேரத்தையும் அறிந்திருக்க வேண்டும். ஒரு நாள் நடைப்பயணத்திற்கு எவ்வாறு திட்டமிடுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கடற்கரையில் விழும் அருவி

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, பசிபிக் பெருங்கடலை ஒட்டி அமைந்துள்ளது பாயின்ட் ரேய்ஸ் தேசியக் கடற்கரைப் பூங்கா. 1962ஆம் ஆண்டு சட்டத்தின்வழி உருவான இப்பூங்காவில் அலமீர் என்னும் அருவி உள்ளது. ஏறத்தாழ 12 மீட்டர் உயரமுள்ள பாறைமுகட்டிலிருந்து மணற்பரப்பில் விழும் இதன் நீர், சில அடி தூரம் ஓடிக் கடலில் கலந்துவிடுகிறது. குறிஞ்சிக்குரிய அருவியும் நெய்தலுக்குரிய அலையும் ஒருங்கே காட்சி தரும் அரிய இடம் இது.

அருவியின் அருகே ஊர்தியில் செல்ல இயலாது. பொலினாஸ் என்னும் சிற்றூருக்கு அப்பாலுள்ள பாலோமாரின் என்ற இடத்தில் ஊர்தியை நிறுத்திவிட்டுக் கடலோரப் பாதையில் ஏறக்குறைய 9 கிலோமீட்டர் நடந்தால் வைல்டுகேட் என்னும் கூடாரத்தளம் வரும். அங்கிருந்து மணலில் இறங்கித் தெற்கு நோக்கி ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நடந்தால் அருவியை அடையலாம். போய்வர மொத்தம் 21 கிலோமீட்டர் ஆகும்.

மெதுவாக நடப்பவரே அளவுகோல்

பயணத் திட்டத்தின் முதற்கேள்வி, ‘எவ்வளவு தொலைவு?’ என்பதன்று, ‘யார் யார் வருகிறார்கள்?’ என்பதே. நன்கு நடந்து பழகிய இளைஞர் ஒருவர் மேடுபள்ளமான பாதையில் மணிக்கு 4 கிலோமீட்டர் நடக்கக்கூடும். பத்து வயதுச் சிறுமியும் அறுபது வயதுப் பாட்டியும் உடன் வந்தால் மணிக்கு 3 கிலோமீட்டர் என்று கணக்கிடுவதே பொருந்தும். அப்போது நடப்பதற்கு மட்டும் ஏழு மணி நேரம் ஆகும். உணவு, ஓய்வு, அருவியைக் காணும் நேரம் ஆகியவற்றையும் சேர்த்தால் ஒன்பது மணி நேரத்திற்கு மேலாகிவிடும்.

குழுவின் வேகம் என்பது அதில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே. விரைந்து நடப்பவர் முன்னே சென்று காத்திருப்பதால் குழு விரைவில் சேர்ந்துவிடுவதில்லை. எனவே, பயணத்திற்குச் சில வாரங்களுக்கு முன்பே குடும்பத்தினர் அனைவரும் 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் எனப் படிப்படியாக நடந்து பழகுதல் நன்று. புதிய காலணிகளையும் இந்தப் பயிற்சி நடையிலேயே அணிந்து பழக வேண்டும். பயணநாளன்று முதன்முதலாக அணியும் காலணி காலைக் கடித்துப் புண்ணாக்கிவிடும்.

அவ்வளவு தொலைவு நடக்க இயலாத குழந்தைகள் இருப்பின், இதே பாதையில் ஏறத்தாழ நான்கரை கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாஸ் ஏரிவரை சென்று திரும்புவது சிறந்த மாற்றுத் திட்டமாகும்.

கடலின் கடிகாரம்

வைல்டுகேட்டிலிருந்து அருவிவரையுள்ள மணற்பாதையின் ஒருபுறம் செங்குத்தான பாறைமுகடு, மறுபுறம் பெருங்கடல். தாழ் ஓதத்தின்போது அகலமாக விரிந்து கிடக்கும் மணல், உயர் ஓதத்தின்போது சுருங்கிவிடும்; சில இடங்களில் அலைகள் பாறையின் அடிவரை வந்து மோதும். அந்நேரத்தில் அங்கு இருப்பவர் முன்னும் செல்ல இயலாமல் பின்னும் செல்ல இயலாமல் இடையில் சிக்கிக்கொள்வார்.

இக்கடற்கரையில் ஒரு நாளில் பெரும்பாலும் இருமுறை உயர் ஓதமும் இருமுறை தாழ் ஓதமும் நிகழ்கின்றன. அவை நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடங்கள் தள்ளிப்போகின்றன. நிலவு, ஞாயிறு ஆகியவற்றின் ஈர்ப்பைக் கொண்டு கணிக்கப்படுவதால், ஓத நேர அட்டவணை முன்கூட்டியே வெளியிடப்படுகிறது. ஆகவே, பயண நேரத்தைப் புறப்படும் இடத்திலிருந்து கணக்கிடாமல் தாழ் ஓதத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு நாளில் தாழ் ஓதம் பிற்பகல் 1 மணிக்கு நிகழ்வதாகக் கொள்வோம். அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாக, அதாவது முற்பகல் 11.30 மணிக்கு, வைல்டுகேட்டில் இருக்க வேண்டும். 9 கிலோமீட்டர் நடக்க மூன்று மணி நேரமும் ஓய்வுக்கு அரை மணி நேரமும் தேவை. எனவே, காலை 8 மணிக்குப் புறப்பட வேண்டும். 12.15 மணிக்கு அருவியை அடைந்து முக்கால் மணி நேரம் அங்கிருந்துவிட்டு 1 மணிக்குத் திரும்பினால், கடல் ஏறத் தொடங்கும் வேளையில் மணற்பகுதியைக் கடந்துவிடலாம். மாலை 5.30 மணியளவில் ஊர்தியை வந்தடையலாம்.

பருவமும் பகற்பொழுதும்

மழைக்காலமாகிய குளிர்காலத்தில் அருவியில் நீர் மிகுதி. ஆயினும் டிசம்பர் மாதத்தில் அங்கு மாலை 5 மணிக்கு முன்பே ஞாயிறு மறைந்துவிடும். பாதையும் சேறாகிக் கிடக்கும். ஜூன் மாதத்தில் இரவு 8.30 மணிவரை வெளிச்சம் உண்டு; ஆனால், நாள் செல்லச்செல்ல அருவி மெலிந்துவிடும். நீரும் வெளிச்சமும் ஓரளவு ஒருங்கே அமையும் இளவேனிற்காலமே குடும்பப் பயணத்திற்கு ஏற்றது.

பையில் இருக்க வேண்டியவை

வழியில் குடிநீர் கிடைக்கும் என நம்பக்கூடாது. ஒவ்வொருவருக்கும் குறைந்தது இரண்டு லிட்டர் நீர் தேவை. எளிதில் கெடாத உணவு, உப்பிட்ட கடலை, உலர்பழங்கள் ஆகியவை நடைக்கு வலுவூட்டும். கோடையிலும் இங்குக் கடல்மூடுபனியும் குளிர்காற்றும் வீசுவதால் காற்றுத்தடுப்புச் சட்டை இன்றியமையாதது. மாற்றுக் காலுறை, தொப்பி, முதலுதவிப் பெட்டி, கைவிளக்கு, ஊதல், தாளில் அச்சிட்ட நிலப்படம் ஆகியவற்றையும் எடுத்துச் செல்ல வேண்டும். பாதையின் பெரும்பகுதியில் கைப்பேசி அலைவரிசை கிடைக்காது. எனவே, செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டிலிருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுவது, பையிலுள்ள எப்பொருளையும்விடப் பெரிய பாதுகாப்பாகும்.

பாதையோரத்தில் நச்சு ஓக் என்னும் செடி மண்டிக் கிடக்கும். மும்மூன்றாக அமைந்த அதன் இலைகளில் உள்ள எண்ணெய் பட்டால் தோலில் அரிப்பும் கொப்புளமும் உண்டாகும். புல்வெளிகளில் உண்ணிகள் உள்ளன. அவற்றுள் சில, லைம் என்னும் நோயைப் பரப்பக்கூடியவை. முழுநீளக் காற்சட்டை அணிவதும் வீடு திரும்பியதும் உடலைச் சோதித்துப் பார்ப்பதும் எளிய காப்புமுறைகள்.

குறுக்குவழியின் விலை

வைல்டுகேட்வரை செல்லாமல் இடையிலேயே இறங்கி அருவியை அடையும் குறுக்குவழி ஒன்று உண்டு. அது பூங்கா நிருவாகம் அமைத்ததன்று. பலர் நடந்து நடந்து உருவானது. அரிப்புற்ற செங்குத்துச் சரிவில் உதிரும் கற்களின்மீது இறங்க வேண்டியிருப்பதால், அவ்வழியே செல்ல வேண்டா என நிருவாகம் அறிவுறுத்துகிறது.

இக்கடற்கரையின் பாறைமுகடுகள் உறுதியற்றவை. 2015ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இதே பூங்காவின் மற்றொரு பகுதியிலுள்ள ஆர்ச் ராக் என்னும் முகடு சரிந்து ஒருவர் உயிரிழந்தார். முகட்டில் விரிசல் தோன்றியுள்ளதைச் சில நாள்களுக்கு முன்பே நிருவாகம் அறிவித்து எச்சரித்திருந்தது. அறிவிப்புப் பலகை என்பது படித்துவிட்டுக் கடந்து செல்வதற்குரியதன்று. அது முன்பே அவ்விடத்தை ஆராய்ந்தவர்கள் கூறும் அறிவுரை. முகட்டின் விளிம்பில் நிற்பதும் அதன் அடியில் அமர்வதும் கடலுக்கு முதுகுகாட்டி நிற்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

திரும்பும் துணிவு

மேற்கண்ட எடுத்துக்காட்டில் குடும்பத்தினர் 11.30 மணிக்குப் பதிலாகப் பிற்பகல் 1.30 மணிக்கு வைல்டுகேட்டை அடைகின்றனர் எனக் கொள்வோம். அருவி இன்னும் இரண்டே கிலோமீட்டர்தான். இவ்வளவு தொலைவு வந்துவிட்டோமே என்ற எண்ணம் கால்களை முன்னே இழுக்கும். கடலோ ஏறத் தொடங்கிவிட்டது. அவ்விடத்தில் நின்று வாதிட்டால் ஆசையே வெல்லும். அதனால்தான், ‘பகல் 12 மணிக்குள் இவ்விடத்தை அடையாவிட்டால் திரும்பிவிடுவோம்’ என்னும் முடிவை முந்தைய நாளே வீட்டில் அமர்ந்து எடுத்துவிட வேண்டும். அம்முடிவைக் குழந்தைகளும் அறிந்திருக்க வேண்டும். அவ்வாறு அறிந்திருந்தால், திரும்புவது ஏமாற்றமாக அன்றித் திட்டத்தின் ஒரு பகுதியாகவே அவர்களுக்குத் தோன்றும்.

தலைக்குமேல் வானம் தெளிந்திருக்கும்போதே, மலையில் பெய்த மழையால் குற்றால அருவிகளில் வெள்ளம் திடீரெனப் பெருகுவதைத் தமிழ்நாட்டினர் அறிவர். அங்கே மழை, இங்கே ஓதம். இரண்டும் மனிதர்களுக்காகக் காத்திருப்பதில்லை. அருவி நாளையும் விழும். இன்று பாதுகாப்பாகத் திரும்பியவர்கள் மீண்டும் ஒரு நாள் அதைக் காண முடியும்.

தெரிந்து தெளிவோம்

மலைநடைக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிடும் எளிய விதியை ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்தார். 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம்; அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்திற்கும் மேலும் ஒரு மணி நேரம் என்பது அவ்விதியின் சாரம். உடல்வலிமை மிக்கவர்களுக்கான இக்கணக்கில் ஓய்வுநேரம் சேர்க்கப்படவில்லை.

கற்பவை கற்றபின்

1. தாழ் ஓதம் பிற்பகல் 3 மணிக்கு நிகழும் நாளில் இக்குடும்பம் எப்போது புறப்பட வேண்டும்? டிசம்பர் மாதத்தில் அப்பயணம் ஏற்றதா? காரணம் கூறுக.

2. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள அருவி, மலை அல்லது கடற்கரைக்குக் குடும்பத்துடன் ஒரு நாள் சென்றுவரத் திட்டம் ஒன்றை எழுதுக. திரும்பும் நேரத்தையும் அதற்கான காரணத்தையும் அதில் குறிப்பிடுக.